மின்கார் ட்ரெய்லர் இழுக்குமா, காட்டுப்பாதை ஏறுமா? கிளம்புவதற்கு முன் போடவேண்டிய கணக்கு

இழுக்குமா என்று கேட்டால் இழுக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். ரிவியன் ஆர்1டி 4,990 கிலோ வரை இழுக்க அங்கீகாரம் பெற்ற வண்டி, டெஸ்லா சைபர்டிரக்கும் அதே அளவு, ஃபோர்ட் எஃப்-150 லைட்னிங் உரிய இழுவைப் பேக்கேஜோடு 4,536 கிலோ. படகை ஏற்றிய ட்ரெய்லரை ஈரமான சரிவிலிருந்து மேலே கொண்டுவரும் காட்சியை நினைத்துப் பாருங்கள். பெட்ரோல் வண்டியாக இருந்தால் இன்ஜின் உறுமும், வண்டி பின்னால் ஓரடி நழுவும், க்ளட்ச் கருகும் வாசனை வரும். மின்காரில் ஆக்சிலரேட்டரைத் தொட்டால் போதும், அப்படியே நகர்ந்து மேலே வந்து நிற்கும். மின்மோட்டார் நின்ற இடத்திலேயே முழு முறுக்குவிசையையும் கொடுத்துவிடும் என்பதுதான் காரணம்.

அதனால் "எவ்வளவு எடை இழுக்கும்" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். எத்தனை கிலோமீட்டர் இழுக்கும், ட்ரெய்லரோடு போய் எந்த சார்ஜரில் நிறுத்த முடியும், காட்டுக்குள் போனால் திரும்பி வர சார்ஜ் இருக்குமா, இந்த மூன்றும்தான் விஷயம். மூன்றுக்கும் பதில் காரைவிட உங்கள் பயணத்தில்தான் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வழியை இங்கே சொல்கிறேன். கொஞ்சம் கணக்கு வரும், பெருக்கல் வகுத்தல்தான், பயப்படாதீர்கள்.

முதலில் எடைச் சமாச்சாரம்

எல்லா மின்காருக்கும் இழுவை அங்கீகாரம் கிடையாது. ஒரே கம்பெனியின் ஒரே மாடலுக்குக்கூட நாட்டுக்கு நாடு அளவு மாறும். கியா ஈவி9 ஐரோப்பாவில் 2,500 கிலோ வரை, அமெரிக்காவில் 5,000 பவுண்டு, அதாவது சுமார் 2,268 கிலோ. ஆகவே இணையத்தில் யாரோ எழுதிய எண்ணை நம்பாமல், உங்கள் வண்டியின் கையேட்டையும் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் பாருங்கள். அங்கீகாரம் இல்லாத காரில் வெளியில் கொக்கி பொருத்திக்கொள்வது வேண்டாம். வாரன்டியும் இன்சூரன்ஸும் கைவிரித்துவிடலாம். அதைவிட முக்கியம், அந்தக் காரின் பிரேக்கும் அடிச்சட்டமும் அந்தச் சுமைக்காகச் சோதிக்கப்படவே இல்லை.

இன்னொரு எண் இருக்கிறது, பலர் கவனிக்காதது: கொக்கியின் மேல் நேராக அமரும் எடை. மாட்டுவண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், முன்பாரம் பின்பாரம் என்பார்களே அதேதான். பின்பாரமாக ஏற்றினால் கொக்கியை மேலே தூக்கும், வேகம் கூடக்கூட ட்ரெய்லர் வாலை ஆட்டும், அந்த ஆட்டம் ஒரு கட்டத்துக்கு மேல் காரையே சேர்த்துப் புரட்டிவிடும். முன்பாரம் மிஞ்சினால் காரின் பின்பக்கம் அமுங்கும், முன்சக்கரத்தின் பிடி குறையும். அமெரிக்க வழக்கில் ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இருக்கவேண்டும் என்பார்கள். ஐரோப்பாவில் பொதுவாக இதைவிடக் குறைவு, கார் தயாரிப்பாளர் கிலோவிலேயே வரம்பைச் சொல்லிவிடுவார்.

மின்காரில் இது ஏன் கூடுதல் தலைவலி என்றால், பேட்டரியே பெரும் எடை, அதைச் சுமந்த பிறகு கார் தாங்கக்கூடிய மிச்சச் சுமை நாம் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கும். கணக்குப் பாருங்கள்: 4,500 கிலோ ட்ரெய்லர், 10 சதவீதம் கொக்கியில் என்றால் 450 கிலோ. ஆளுக்கு 75 கிலோ வீதம் ஐந்து பேர் ஏறினால் 375. இதுவே 825 கிலோ ஆகிவிட்டது, இன்னும் ஒரு பெட்டிகூட ஏற்றவில்லை. இழுவைத் திறன் மிச்சம் இருக்கும்போதே சுமைத்திறன் தீர்ந்துபோகும். டயரின் சுமை வரம்பும் இதே கணக்கில்தான் வரும்.

பேட்டரி என்பது சின்ன டேங்க்

ஒரு லிட்டர் பெட்ரோலில் கிட்டத்தட்ட 8.9 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. கிலோவாட் மணி என்றால் நம் மின்கட்டணச் சீட்டில் வரும் அதே யூனிட்தான், இனிமேல் யூனிட் என்றே சொல்கிறேன். லைட்னிங்கின் பெரிய பேட்டரி 131 யூனிட். அதைப் பெட்ரோலாக மாற்றினால் சுமார் 15 லிட்டர். அவ்வளவு பெரிய டிரக் 15 லிட்டர் டேங்கோடு ஓடுகிறது! ஓட்டமுடிகிறது என்றால், இன்ஜின் பெட்ரோலின் பெரும்பகுதியை வெப்பமாக வீணடிக்கும்போது மின்மோட்டார் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சக்கரத்துக்குக் கொடுத்துவிடுவதால்தான்.

ட்ரெய்லர் மாட்டினால் பெட்ரோல், டீசல் வண்டிக்கும் மைலேஜ் விழத்தான் செய்யும், யாரும் விதிவிலக்கில்லை. ஆனால் அங்கே டேங்க் பெரிது, நிரப்ப ஐந்து நிமிடம், பம்ப் எல்லா இடத்திலும் உண்டு, அதனால் விழுந்தது உறைக்காது. இங்கே உறைக்கும். ரிவியன் நிறுவனமே, முழு எடையில் இழுத்தால் தூரம் பாதியாகக் குறையும் என எதிர்பாருங்கள் என்று சொல்லியிருக்கிறது. நேர்மையான பேச்சு, அதையே ஆரம்பக் கணக்காக வைத்துக்கொள்ளலாம்.

பலரும் கோட்டை விடுவது இதற்கு அடுத்த இடத்தில். சமதளத்தில் தூரத்தைத் தின்பது பெரும்பாலும் எடை இல்லை, காற்று. எதிர்காற்றில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு சைக்கிள் ஓட்டியவருக்கு உடனே புரியும். குடையின் எடை என்ன, அரைக்கிலோ. ஆனால் தொடை வலி எடுத்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், தோராயம்தான். 2,700 கிலோ எடையுள்ள பெரிய மின்கார் தனியாக மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 100 கிலோமீட்டருக்கு 22 யூனிட் எடுக்கிறது என்று வைப்போம். அதில் 1,500 கிலோ செங்கல் அடுக்கிய தாழ்வான தட்டு ட்ரெய்லரை மாட்டினால் 31 யூனிட் அளவுக்குப் போகும். அதே 1,500 கிலோவில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் பெட்டி கேரவனை, அதாவது உள்ளே தங்கும் வீட்டு ட்ரெய்லரை, மாட்டினால்? 48. எடை ஒன்றுதான், வித்தியாசம் முழுக்கக் காற்று கொடுத்த அடி. ஆகவே ட்ரெய்லர் வாங்கும்போது எடைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன் முன்னால் நின்று அதன் முகத்தைப் பாருங்கள். காரின் கூரையைவிட எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் வெளியே துருத்துகிறது, முகம் தட்டையா வளைவா. மடித்து வைக்கக்கூடிய கேரவன், முன்பக்கம் கூம்பிய ட்ரெய்லர், இதெல்லாம் மின்காருக்குப் பாதி வரம். தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டு போனால் அதற்கும் யூனிட் செலவுதான், இறுக்கிக் கட்டுங்கள்.

அடுத்தது வேகம். ஒரு கிலோமீட்டருக்குக் காற்று பிடுங்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 110-லிருந்து 90-க்கு இறங்கினால் காற்றின் பங்கு மூன்றில் ஒன்று குறைந்துவிடும். மேலே சொன்ன கேரவனை 100-க்குப் பதில் 85-இல் இழுத்தால் 48 யூனிட் 39 ஆகிறது. "மெதுவாகப் போனால் நேரம் ஆகுமே" என்பார்கள். சரி, அதையும் பார்த்துவிடுவோம். 400 கிலோமீட்டர் பயணம், 100 யூனிட் பேட்டரி, நிரப்பிக்கொண்டு கிளம்பி எப்போதும் 10 சதவீதம் கையிருப்பு, சார்ஜரில் சராசரியாக மணிக்கு 100 யூனிட் ஏறுகிறது, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ட்ரெய்லரைக் கழற்றி மாட்ட 15 நிமிடம் என்று வையுங்கள். 100-இல் போனால் ஓட்டம் 4 மணி, வழியில் 102 யூனிட் ஏற்றவேண்டும், அது இரண்டு நிறுத்தம், ஆக மொத்தம் சுமார் ஐந்தரை மணி. 85-இல் போனால் ஓட்டம் 4 மணி 42 நிமிடம், ஏற்றவேண்டியது 66 யூனிட், ஒரே நிறுத்தம், மொத்தம் ஐந்து மணி முப்பத்தேழு நிமிடம். வித்தியாசம் ஆறேழு நிமிடம்தான், ஒருமுறை கழற்றி மாட்டுகிற கூத்தும் மிச்சம்.

எதிர்காற்றையும் மறக்காதீர்கள். 85-இல் போகும்போது எதிரே 20 கிலோமீட்டர் காற்று அடித்தால் வண்டியைப் பொறுத்தவரை அது 105, காற்றுத்தடை பாதிக்கு மேல் கூடிவிடும். வானிலை ஆப்பில் மழை வருமா என்று பார்ப்பதோடு காற்றின் திசையையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். குளிர்காலத்தில் இதற்கு மேலும் குறையும், பேட்டரியும் அறையும் சூடேற ஆற்றல் வேண்டும்.

வெள்ளோட்டம் விட்டுப் பாருங்கள்

மேலே சொன்ன எண்கள் என் கணக்கு. உங்கள் காரும் உங்கள் ட்ரெய்லரும் வேறு எண் சொல்லும். அதைக் கண்டுபிடிக்க ஒரு காலைப்பொழுது போதும். பயணத்தில் ஏற்றுவதை எல்லாம் அப்படியே ஏற்றி, தண்ணீர் டேங்க் உள்பட, எடைமேடையில் ஒருமுறை நிறுத்தி எடை பாருங்கள். டயர் காற்றைச் சரிபார்த்து, ட்ரெய்லர் பிரேக் வேலை செய்கிறதா, விளக்கு எரிகிறதா, அறுந்தால் தானே பிரேக் பிடிக்கும் கம்பி மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காரில் ட்ரெய்லர் மோடைப் போடுங்கள். பிறகு ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி, பெரிய சாலையில் 25 கிலோமீட்டர் போய் அதே சாலையில் 25 திரும்பி வாருங்கள். போய்த் திரும்புவது எதற்கென்றால், காற்றும் ஏற்ற இறக்கமும் ஓரளவு சமன் ஆகிவிடும்.

அப்போது திரையில் காட்டும் "மிச்ச தூரம்" என்ற எண்ணைப் பார்க்கவே பார்க்காதீர்கள். நேற்றுவரை தனியாக ஓடிய பழக்கத்தை வைத்து அது சொல்லும் ஜோசியம் அது. கொக்கி மாட்டிய முதல் பத்து கிலோமீட்டரில் அந்த எண் சரசரவென்று இறங்குவதைப் பார்த்தே பலருக்கு வயிறு கலங்கிவிடும். நமக்கு வேண்டியது 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்ற ஒரே எண். அதை ஒரு துண்டு டேப்பில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள். வேறு ட்ரெய்லர் என்றால் வேறு டேப்.

இனி கணக்கு சுலபம். வழியில் வேகமாக ஏறுவது 10 சதவீதத்திலிருந்து 80 வரைதான், அதற்கு மேல் சார்ஜர் முனகிக்கொண்டு ஏற்றும். ஆகவே பேட்டரியின் 70 சதவீதம்தான் இரண்டு சார்ஜர்களுக்கு நடுவே உங்கள் கையில் இருக்கிறது. 100 யூனிட் பேட்டரியில் 70. அதை 48-ஆல் வகுத்தால் 146 கிலோமீட்டர், 39-ஆல் வகுத்தால் 180. தனியாகப் போனால் இதே கணக்கில் 318 வரும். நீங்கள் போகும் வழியில் 146 கிலோமீட்டருக்குள் நம்பகமான வேக சார்ஜர் ஒன்றும், அது வேலை செய்யாவிட்டால் எட்டக்கூடிய தூரத்தில் இன்னொன்றும் இருக்கிறதா? இருந்தால் போகலாம். இல்லையென்றால் அந்த வழிக்கு அந்த வண்டி இன்னும் தயாரில்லை, அவ்வளவுதான்.

மலைக்கு மூன்று யூனிட்

மலைப்பாதைக்கு ஒரு எளிய வாய்ப்பாடு சொல்கிறேன். ஒரு டன் எடையை ஆயிரம் மீட்டர் உயரம் ஏற்ற ஏறத்தாழ 3 யூனிட். காரும் ட்ரெய்லரும் சேர்ந்து 4.2 டன் என்றால் ஆயிரம் மீட்டருக்கு 12 முதல் 13 யூனிட், வழக்கமான செலவுக்கு மேல் கூடுதலாக. இங்கேதான் எடை தன் வேலையைக் காட்டும். இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி பேட்டரியை நிரப்பும், இதைத்தான் ரீஜென் என்பார்கள், அதன் மூலம் இதில் நல்ல பங்கு திரும்பி வரும், முழுவதும் வராது. கீழே சார்ஜர் இருக்கிறது என்று நம்பி உச்சியில் வறண்டு நிற்கவேண்டாம், ஏறுவதற்கான செலவைக் கையில் வைத்துக்கொண்டுதான் அடிவாரத்தை விட்டு நகரவேண்டும்.

எதிர்மாறான தப்பும் உண்டு. மலை உச்சியில் தங்கி இரவெல்லாம் சார்ஜ் போட்டு 100 சதவீதம் நிரப்பிக்கொண்டு காலையில் இறங்குவது. நிரம்பிய பேட்டரியில் போட இடமில்லை, அதனால் ரீஜென் வேலை செய்யாது அல்லது மிகவும் குறைந்துவிடும். பின்னால் ஒன்றரை டன் தள்ள, முழுச் சுமையும் பிரேக் மேல் விழும். 80-இல் நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள், இறங்கும் வழியில் அது தானாக ஏறும். ட்ரெய்லர் மோடு போட்டதும் கார் தன் நடத்தையை மாற்றிக்கொள்ளும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், பின்பக்க சென்சார் அணையலாம், சாலைக்கோட்டைப் பிடித்து ஓட்டும் உதவி அணையலாம், எது எது என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சார்ஜரில் ட்ரெய்லரோடு

பெட்ரோல் பங்கில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போகலாம். சார்ஜிங் நிலையங்களில் பெரும்பாலானவை அப்படிக் கட்டப்படவில்லை, சுவரை ஒட்டி மூக்கைக் கொடுத்தோ பின்பக்கத்தைக் கொடுத்தோ நிறுத்தும் கார் பார்க்கிங்தான். ட்ரெய்லரோடு அங்கே நின்றால் நாலு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு திட்டு வாங்கவேண்டும், அல்லது கழற்றவேண்டும். சார்ஜ் துளை முன்பக்க ஓரத்தில் இருக்கும் வண்டிகளுக்கு, ரிவியனும் லைட்னிங்கும் அப்படித்தான், சில இடங்களில் மூக்கை மட்டும் நுழைத்து சமாளித்துவிடலாம். டெஸ்லாவில் அது பின்பக்க ஓரத்தில் இருப்பதால் ட்ரெய்லர் மாட்டியபடி பின்னால் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

எனவே கிளம்புவதற்கு முந்தைய நாள் செயற்கைக்கோள் வரைபடத்தில் ஒவ்வொரு நிலையத்தையும் மேலிருந்து பாருங்கள். நேராக நுழைந்து வெளியேறும் தடம் உண்டா, பக்கத்தில் ட்ரெய்லரைக் கழற்றி விட சமதளம் உண்டா. சரிவில் கழற்றவே கூடாது. கழற்றும் வரிசையையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: முதலில் ட்ரெய்லர் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை, அப்புறம் ட்ரெய்லரின் கைப்பிரேக், முன்சக்கர ஜாக்கை இறக்குதல், மின்கம்பி, கடைசியில்தான் கொக்கி. பசியிலும் அவசரத்திலும் கட்டை வைக்காமல் கொக்கியை எடுத்துவிட்டால் ட்ரெய்லர் தன்பாட்டுக்கு நடந்து போய்விடும், துரத்திப் பிடிக்க முடியாது.

தங்கும் முகாமில் மின்இணைப்பு இருந்தால் அதுதான் தங்கம். இரவு முழுக்க மெதுவாக ஏறட்டும், கேரவனைக் கழற்றி நிறுத்தப்போவதும் அங்கேதான். அந்த இணைப்பில் கார் சார்ஜ் போட அனுமதி உண்டா, எத்தனை ஆம்பியர் என்று முன்பே கேட்டுவிடுங்கள். காரின் திரையில் ஆம்பியரைக் குறைத்து வைத்துக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் நடுராத்திரியில் ட்ரிப் ஆகி காலையில் பார்த்தால் ஏறியே இருக்காது.

என் தீர்ப்பு: ஒரு பக்கம் 150 கிலோமீட்டருக்குள் படகோ குதிரை ட்ரெய்லரோ தட்டு ட்ரெய்லரோ இழுக்கிறவருக்கு மின்கார் இன்றைக்கே டீசலைவிட நல்ல இழுவை வண்டி. சத்தமில்லை, ஏற்றத்தில் திணறல் இல்லை, இறக்கத்தில் பிரேக் காய்வதில்லை. ஒரே நாளில் 700 கிலோமீட்டர் உயரமான கேரவனோடு போகிறவருக்கு இல்லை. இடைவழியாக வருவதுதான் பெட்ரோல் ஜெனரேட்டரைக் கூடவே சுமக்கும் வகை, சக்கரத்தைச் சுழற்றுவது மின்மோட்டார், இன்ஜின் வேலை மின்சாரம் தயாரிப்பது மட்டும். 2024 டாக்கர் ராலியில் கார்லோஸ் சைன்ஸ் ஓட்டி வென்ற ஆடி ஆர்எஸ் கியூ இ-ட்ரான் இந்த வகைதான். பெரிய டிரக் கம்பெனிகள் முழு மின்சாரத்திலிருந்து இந்தப் பக்கம் சாய்வதற்குக் காரணம் இந்த இழுவைத் தூரம்தான் என்பது என் எண்ணம்.

காட்டுப்பாதை வேறு கதை

இழுவையில் எதிரி வேகமும் காற்றும். கரடுமுரடான பாதையில் இரண்டுமே இல்லை, மணிக்கு ஐந்து பத்து கிலோமீட்டரில் பாறை மேல் ஊர்கிற வேலை. அதற்கு மின்மோட்டாரைப் போல் வேறு எதுவும் இல்லை. ஆக்சிலரேட்டரில் கட்டைவிரலை மட்டும் அழுத்தினால் சக்கரம் ஒரு சாண் மட்டும் உருளும், இன்ஜின் ஆஃப் ஆகுமோ என்ற பயம் கிடையாது, பெரும்பாலானவற்றில் லோ ரேஞ்ச் என்ற, மெதுவாக ஊர்வதற்கான தனிக் கியரும் தேவைப்படுவதில்லை. சத்தமில்லாததால் டயருக்கடியில் கல் நெரிவது காதில் விழும், கூட வருபவர் கீழே நின்று "இடது, இடது, போதும்" என்று சொல்வது கத்தாமலே கேட்கும்.

சக்கரத்துக்கு ஒரு மோட்டார் என்று நான்கு வைத்த வண்டிகளில், ரிவியனின் நான்கு மோட்டார் வகை, மெர்சிடீஸ் ஜி 580, ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் மற்ற மூன்றுக்கும் சக்தி அப்படியே போகும். முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என இரண்டே மோட்டார் உள்ள கார்களில் அந்தரத்துச் சக்கரம் வீணாகச் சுற்றும், கார் அதற்கு பிரேக் போட்டு மறுபக்கம் சக்தியைத் தள்ளும், அதற்கு ஒரு கணம் பிடிக்கும். அந்தக் கணத்தில் பதறிப்போய் காலை எடுக்காமல் மெல்ல அழுத்தியபடியே இருக்கவேண்டும், இதைச் சின்ன மேட்டில் பழகிவிட்டுப் போங்கள். சில கார்களில் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் ஒன்றாக மிதித்தால் மோட்டார் சக்தியை வெட்டிவிடும், இடது காலால் பிரேக் பிடித்து ஏறும் பழக்கம் உள்ளவர்கள் இதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். செங்குத்தில் பிரேக் போடாமல் ஆக்சிலரேட்டரை மட்டும் மிதித்து வண்டியை அசையாமல் நிறுத்தி வைப்பது கூடாது, சுழலாத மோட்டாருக்குள் கரண்ட் பாய்ந்து சூடுதான் ஏறும்.

சரி, குறை? வயிறு. பேட்டரி அடிவயிற்றில் படுத்திருக்கிறது, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே முழு நீளத்துக்கும். ஈர்ப்பு மையம் தாழ்ந்திருப்பதால் சாய்ந்த பாதையில் கவிழும் பயம் குறைவு, ஆனால் மேட்டின் முகட்டைத் தாண்டும்போது தட்டப்போவதும் அதே பேட்டரிதான். சாலைக்காகச் செய்த மின்காரில் அதற்குக் கீழே இருப்பது மெல்லிய தகடோ பிளாஸ்டிக்கோ மட்டுமாக இருக்கலாம். ஆஃப்-ரோடுக்கென்று செய்தவற்றில் கதை வேறு, ஜி 580-க்கு அடியில் 26 மில்லிமீட்டர் தடிமனில் கலப்புப் பொருள் கவசம் இருக்கிறது. உங்கள் காரின் அடியில் படுத்து, டார்ச் அடித்து, என்ன இருக்கிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். கவசம் இல்லையென்றால் மண்சாலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், "நாலு சக்கர இழுவை" என்ற பட்டையை நம்பிப் பாறைக்குப் போகவேண்டாம். பாதையிலிருந்து திரும்பிய பிறகும் அதே மாதிரி படுத்துப் பாருங்கள். பேட்டரி மூடியில் புதிதாக ஓர் ஒடுக்கு தெரிந்தால் கழுவி மறைக்காமல் சர்வீஸில் காட்டவேண்டும்.

அடுத்தது எடை. ஹம்மர் ஈவி 4 டன்னுக்கு மேல். இறுகிய பாதையில் அது தெரியாது, சேற்றிலும் மணலிலும் தெரியும். தளர்ந்த மணலில் உருளும் தடை தார்ச்சாலையைப் போல் பத்து மடங்குக்கு மேல், ஒரு பெரிய மின்கார் கிலோமீட்டருக்கு ஒரு யூனிட் வரைகூடக் குடிக்கும். டயர் காற்றை இறக்குங்கள், மணலுக்கு 15 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை வழக்கம், கனமான மின்காருக்கு அதில் மேல்பக்க எண்ணிலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள். தார்ச்சாலை ஏறும் முன் திரும்ப ஏற்ற கையோடு கம்ப்ரசர் வேண்டும். காற்று இறங்கிய டயரோடு சாலையில் வேகம் எடுத்தால் சூடேறிக் கிழியும்.

தண்ணீரைப் பற்றி எல்லோருக்கும் பயம், அதில் பாதி தேவையற்றது. இன்ஜின் மூச்சுக்குழாய் இல்லாததால் தண்ணீர் உள்ளே இழுக்கப்பட்டு இன்ஜின் உடைவது என்ற ஆபத்தே இங்கே கிடையாது. பேட்டரி மூடப்பட்டது. பரவலாகச் சொல்லப்படும் ஐபி67 தரம் என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கினாலும் கெடுதல் தரும் அளவுக்குத் தண்ணீர் உள்ளே போகாது என்று பொருள். ஆனால் அது பேட்டரிப் பெட்டிக்கான தரம், கார் முழுவதற்குமானது அல்ல, கதவு ரப்பரும் மின் இணைப்புகளும் அதற்குக் கட்டுப்பட்டவை அல்ல. எனவே தயாரிப்பாளர் சொன்ன ஆழத்தைத் தாண்டாதீர்கள், ஜி 580-க்கு அது 850 மில்லிமீட்டர். கம்பை ஊன்றியோ நடந்தோ ஆழம் பாருங்கள், நடைவேகத்தில் இறங்குங்கள், நடுவில் நிற்காதீர்கள். கடல்நீர் மட்டும் வேண்டவே வேண்டாம். 2022-இல் ஃப்ளோரிடாவை இயன் சூறாவளி தாக்கியபோது உப்புநீரில் மூழ்கிய மின்கார்கள் சில, நீர் வடிந்த பின் தீப்பிடித்தன. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், உலர்ந்தபின் உப்பு உள்ளேயே தங்கிவிடும்.

திரும்பி வரும் கணக்கு

மனிதன் ஓட்டிய மிகப் பிரபலமான ஆஃப்-ரோடு வாகனம் மின்வண்டிதான், 1971-இல் அப்போலோ 15 நிலவுக்கு எடுத்துப்போன ரோவர். சக்கரத்துக்கு ஒரு மோட்டார், ஒவ்வொன்றும் கால் குதிரைத்திறன். பேட்டரி சுமார் 90 கிலோமீட்டர் ஓடப் போதும். ஆனால் 1972-இல் அப்போலோ 17 குழு தங்கள் கலத்திலிருந்து போன அதிகபட்ச தூரம் 7.6 கிலோமீட்டர். வண்டி நடுவில் நின்றுபோனால் இருக்கும் ஆக்சிஜனில் நடந்தே திரும்பமுடிகிற தூரத்தைத் தாண்டக்கூடாது என்பது அவர்கள் வைத்திருந்த எல்லை.

காட்டுப்பாதைக்கு இதையே கொஞ்சம் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பாதை தொடங்கும் இடத்தில் இருக்கும் சார்ஜை மூன்றாகப் பிரியுங்கள், ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடக்கூடாது. முதல் பங்கு தீர்ந்ததும் எவ்வளவு அழகான இடம் இன்னும் ஒரு வளைவு தள்ளி இருந்தாலும் திரும்பிவிடுங்கள். பாதை முதலில் கீழே இறங்குவதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். போகும்போது ரீஜெனில் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும், மனது குளிர்ந்துவிடும். திரும்பும்போதுதான் பில் வரும். 3.2 டன் வண்டி 800 மீட்டர் இறங்கியிருந்தால் ஏறி வர, பழைய வாய்ப்பாட்டின்படி, கிட்டத்தட்ட 8 யூனிட் கூடுதலாக வேண்டும். சேறும் இரவுக்குளிரும் சேர்ந்தால் அதற்கும் மேல். பாதை முடிந்து மறுபடி சார்ஜர் வரை போகவேண்டிய சாலைத் தூரத்தை இந்தக் கணக்குக்கு வெளியே தனியாக எடுத்து வையுங்கள், பலர் மாட்டிக்கொள்வது காட்டுக்குள் இல்லை, காட்டை விட்டு வந்தபிறகுதான்.

மாட்டிக்கொண்டால்

தனியாகப் போகாதீர்கள், கூட வரும் வண்டி எந்த வகையாக இருந்தாலும் பரவாயில்லை. மீட்புப் பட்டையும் அதை மாட்டும் இரும்பு வளையமான ஷாக்கிளும் உங்கள் வண்டியின் எடைக்கு ஏற்றவையா என்று பாருங்கள், பட்டையின் தாங்குதிறன் வண்டி எடையைப் போல் இரண்டு மூன்று மடங்காவது இருக்கவேண்டும். பழைய இலகுரக ஜீப்புக்கு வாங்கியது 3 டன் மின்காருக்குப் போதாது. ட்ரெய்லர் மாட்டும் கொக்கிக் குண்டில் பட்டையை மாட்டி இழுப்பது எப்போதும் கூடாது, அது உடைந்தால் பீரங்கிக்குண்டு மாதிரி பறக்கும், ஆள் செத்திருக்கிறார்கள். மீட்புக்கென்று காரில் கொடுத்திருக்கும் வளையம் எங்கே இருக்கிறது, அதை எந்த மூடியைத் திறந்து திருகவேண்டும் என்பதை வீட்டிலேயே ஒருமுறை செய்து பாருங்கள். சேற்றில் மண்டியிட்டுக்கொண்டு கையேடு படிக்க முடியாது.

சின்ன 12 வோல்ட் பேட்டரியையும் கவனியுங்கள், பெரிய பேட்டரியில் 60 சதவீதம் இருந்தாலும் இது செத்தால் கதவுகூடத் திறக்காது. பழசாகியிருந்தால் பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள், ஒரு ஜம்ப் ஸ்டார்ட்டர் பெட்டியும் கையில் இருக்கட்டும்.

சார்ஜ் தீர்ந்தோ பழுதாகியோ நின்றுவிட்டால் கயிறு கட்டிச் சாலையில் இழுத்துக்கொண்டு போகலாமே என்று உதவ வருபவர்கள் ஆசையாகச் சொல்வார்கள். சேற்றிலிருந்து நாலு அடி வெளியே இழுப்பது வேறு, சாலையில் இழுத்துப் போவது வேறு. பெரும்பாலான மின்கார்களில் சக்கரம் சுழன்றால் மோட்டாரும் கூடவே சுழலும், சுழன்றால் அது ஜெனரேட்டர் ஆகிவிடும், உள்ளே இருக்கும் மின்னணுச் சாதனம் கருகலாம். போன் செய்யும்போது முதல் வார்த்தையே "மின்கார், நாலு சக்கரமும் தரையைத் தொடாமல் ஏற்றவேண்டும், பிளாட்பெட் அனுப்புங்கள், எடை இத்தனை கிலோ" என்று சொல்லிவிடுங்கள். எடையைச் சொல்லாவிட்டால் சின்ன லாரி வந்து, பார்த்துவிட்டு, திரும்பிப் போகும்.